மூச்சு எப்படி நடக்கிறது? பாட்டில், பலூன், சுண்ணாம்பு வைத்துப் பார்த்துவிடலாம்

"நுரையீரல் காற்றை இழுக்குதுன்னு புக்ல போட்டிருக்கு. எப்படிப்பா இழுக்கும், அதுக்குக் கையா இருக்கு?" ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேட்டாள். சரியான கேள்வி. நுரையீரல் இழுப்பதே இல்லை. விரிந்து சுருங்கத் தேவையான தசை அதனிடம் கிடையாது. பின்னே யார் இழுக்கிறார்கள்? வீட்டில் இருக்கும் பொருள்களை வைத்தே பார்த்துவிடலாம்.

படி 1: வயிற்றில் கை வையுங்கள்

மல்லாந்து படுத்து, தொப்புளுக்கு மேலே உள்ளங்கையை வையுங்கள். மூச்சை இழுக்கும்போது கை மேலே எழும். காற்று போவது நெஞ்சுக்குள்; வயிறு ஏன் எழ வேண்டும்? நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கவிழ்த்து வைத்த கிண்ணம் போல ஒரு தசை இருக்கிறது. அதுதான் உதரவிதானம். அது சுருங்கும்போது தட்டையாகிக் கீழே இறங்கி, குடலை அழுத்துகிறது. அதனால்தான் வயிறு உப்புகிறது.

அப்படியே ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு 12 முதல் 20 மூச்சு வரும். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய அரை லிட்டர் காற்று.

படி 2: பாட்டிலில் ஒரு நெஞ்சுக்கூடு

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டி எடுங்கள் (வெட்டும் வேலை பெரியவர்களுடையது). ஒரு பலூனை வாய் வழியாக உள்ளே தொங்கவிட்டு, அதன் விளிம்பைப் பாட்டில் வாயின்மேல் மடித்து மாட்டுங்கள். இன்னொரு பலூனின் கழுத்தில் முடிச்சுப் போட்டு, தலைப்பகுதியை வெட்டிவிட்டு, மிச்சத்தைப் பாட்டிலின் அடியில் பறைத்தோல் போல இழுத்துக் கட்டி, செல்லோ டேப் சுற்றுங்கள். காற்று கசியக் கூடாது. சொதப்பினால் பெரும்பாலும் இங்கேதான்.

இப்போது முடிச்சைப் பிடித்துக் கீழே இழுங்கள். யாரும் ஊதாமலேயே உள்ளே இருக்கும் பலூன் உப்பும்! உள்ளே இடம் பெரிதானதும் அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று தானாக உள்ளே வருகிறது. முடிச்சை விட்டால் பலூன் சுருங்கும். மூச்சும் இதேதான்: அடியில் கட்டிய ரப்பர்தான் உதரவிதானம், உள்ளே தொங்கும் பலூன்தான் நுரையீரல். ஒரு வித்தியாசம்: பாட்டிலின் சுவர் அசையாது, நம் விலா எலும்புகள் அசையும். அப்புறம், நுரையீரல் பலூன் போல வெற்றுப் பை இல்லை, பஞ்சு போன்றது.

படி 3: பஞ்சுக்குள்ளே போவோம்

இதைப் படம் வரைந்துகொண்டே படியுங்கள். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும், பிறகு மரக்கிளை போலப் பிரிந்துகொண்டே போகும். கிளை நுனிகளில் திராட்சைக் கொத்து போலக் காற்று நுண்ணறைகள், மொத்தம் 30 கோடிக்கு மேல். எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர் வரும், அதாவது சுமார் 750 சதுர அடி. ஒரு சின்ன ஃபிளாட்டே நம் நெஞ்சுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது!

ஒவ்வொரு நுண்ணறையையும் சுற்றி இரத்தத் தந்துகிகள், அதாவது மிக மெல்லிய இரத்தக் குழாய்கள். காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சுவரின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இங்கேதான் பரிமாற்றம் நடக்கிறது. மூலையில் ஏற்றிய ஊதுவத்தியின் மணம் அறை முழுக்கப் பரவுகிறதே, அது போலத்தான்: அதிகம் இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்கு. நுண்ணறையில் ஆக்சிஜனின் அழுத்தம் சுமார் 100 (பாதரச மில்லிமீட்டர் அளவில்), உடலைச் சுற்றித் திரும்பும் இரத்தத்தில் 40. ஆகவே அது இரத்தத்துக்குள் நுழைந்து, சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. கார்பன் டை ஆக்சைடு இரத்தத்தில் சுமார் 45, நுண்ணறையில் 40. அது எதிர்த்திசையில் வெளியே வருகிறது. ஐந்தே வித்தியாசம் எப்படிப் போதும்? அது ஆக்சிஜனைவிட 20 மடங்குக்கு மேல் எளிதாகத் திரவத்தில் கரையும். இரத்தம் அந்த இடத்தைக் கடக்க ஒரு நொடிகூட ஆவதில்லை. அதற்குள் வேலை முடிந்துவிடுகிறது.

படி 4: வெளியே வந்ததைக் கண்ணால் பாருங்கள்

வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு ஸ்பூன் எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி, இரவு முழுக்க மூடி வையுங்கள். மேலே தெளிந்த நீரை மட்டும் இரண்டு டம்ளரில் ஊற்றுங்கள். ஒன்றில் ஸ்ட்ரா வைத்து மெதுவாக ஊதுங்கள். உறிஞ்சவே கூடாது, கண்ணில் தெறிக்காமல் கவனம். கொஞ்ச நேரத்தில் நீர் பால் போல வெளுக்கும். இன்னொன்றில் பலூன் பம்பால் காற்றடித்துப் பாருங்கள், அவ்வளவு சீக்கிரம் வெளுக்காது. உள்ளே போகும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம்தான்; வெளியே வருவதில் சுமார் 4 சதவீதம். ஆக்சிஜன் 21-லிருந்து 16 சதவீதமாகத்தான் குறைகிறது. அதனால்தான் மூச்சு நின்றுபோனவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதும் காற்றும் உதவுகிறது.

படி 5: மூச்சை அடக்குங்கள்

உட்கார்ந்தபடி, முடிகிற வரை மட்டும். ஒரு கட்டத்தில் தவிப்பு வருகிறதல்லவா? அதை முக்கியமாகக் கிளப்புவது ஆக்சிஜன் குறைவு இல்லை, இரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. இதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். கிணற்றில் முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோகும், தவிப்பு தாமதமாகும். அது வருவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்கடியிலேயே மயங்கிவிடுவார்கள். முங்கும் முன் சாதாரணமாக ஒரு மூச்சு போதும், கரையில் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.