மஞ்சள் கொடி விழுந்தால் என்ன அர்த்தம்? அமெரிக்கப் பள்ளி ஃபுட்பால் விதிகள், புதிதாகப் பார்ப்பவர்களுக்கு

மகன் ஹைஸ்கூல் ஃபுட்பால் அணியில் சேர்ந்துவிட்டான். வெள்ளிக்கிழமை ராத்திரி மைதானத்தில் போய் உட்கார்ந்தால், ஆட்டம் ஏன் அடிக்கடி நிற்கிறது என்றே புரியவில்லை. அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பலரின் நிலை இதுதான். விதிப்புத்தகம் முழுவதையும் படிக்கத் தேவையில்லை. எத்தனை யார்டு தண்டனை (தவறு செய்த அணிக்குப் பாதகமாகப் பந்து நகர்த்தப்படும் தொலைவு) என்று கவனித்தாலே முக்கால்வாசி விளங்கிவிடும்.

படி 1: டவுன் கணக்கு

பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு. ஒவ்வொன்றும் ஒரு டவுன். பத்தைத் தாண்டினால் மறுபடியும் முதல் டவுன். ‘தேர்ட் அண்ட் செவன்’ என்றால் இது மூன்றாவது வாய்ப்பு, இன்னும் 7 யார்டு பாக்கி. இப்போதைக்கு இது போதும்.

படி 2: வெள்ளைத் தொப்பியைப் பாருங்கள்

தவறைக் கண்ட நடுவர் மஞ்சள் கொடியை வீசுவார். உடனே விசில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், பல தவறுகளில் அந்த டவுன் முடியும்வரை ஆட்டம் ஓடும். பிறகு வெள்ளைத் தொப்பி போட்ட ரெஃப்ரி சைகை காட்டுவார். முன்கைகளை உருட்டினால் ஃபால்ஸ் ஸ்டார்ட், அதாவது பந்து வைத்திருக்கும் அணியினர் ஆட்டம் தொடங்கும் முன்பே அசைந்தது. இடுப்பில் இரண்டு கையையும் வைத்தால் என்க்ரோச்மென்ட், அதாவது பந்து நகரும் முன்பே கோட்டைத் தாண்டியது. ஒரு மணிக்கட்டை மறுகையால் பிடித்தால் ஹோல்டிங், அதாவது எதிராளியை முறைகேடாகப் பிடித்து நிறுத்தியது.

படி 3: ஐந்தா, பத்தா, பதினைந்தா?

5 யார்டு என்றால் பெரும்பாலும் ஒழுங்கு மீறல்: பந்து நகரும் முன் அசைவது, தாமதம் செய்வது, வரிசை தவறி நிற்பது. 10 யார்டு என்றால் முறைகேடாக ஆதாயம் தேடியது. ஹோல்டிங்தான் இதில் அடிக்கடி வரும். 15 யார்டு என்றால் பெரும்பாலும் யாருக்கோ அடிபட்டிருக்கக்கூடும் என்று பொருள். ஃபேஸ்மாஸ்க் இதற்கு நல்ல உதாரணம். ஹெல்மெட்டின் முன்கம்பியில் கை தவறிப் பட்டுப் பிடித்துவிட்டால் 5, பிடித்து முறுக்கினாலோ இழுத்தாலோ 15.

இந்தக் கணக்குக்கு ஒரு விதிவிலக்கு, பாஸ் இன்டர்ஃபியரன்ஸ், அதாவது வீசிய பந்தைப் பிடிக்கப் போகிறவரை முறைகேடாகத் தடுப்பது. அதில் ஆபத்து பெரிதாக இல்லாவிட்டாலும் 15தான். எந்தத் தண்டனையானாலும் கோல் கோட்டுக்கு அருகே இருந்தால் முழுத் தொலைவு கிடையாது, மிச்சத்தில் பாதிதான்.

படி 4: தண்டனையை வேண்டாம் என்றும் சொல்லலாம்

புதியவர்கள் குழம்புவது இங்கேதான். தேர்ட் அண்ட் செவன். வீசிய பந்தை யாரும் பிடிக்கவில்லை, கூடவே அதே அணியின் மேல் ஹோல்டிங். எதிரணி தண்டனையை ஏற்றால், தவறு செய்தவர்கள் 10 யார்டு பின்னால் போய் மூன்றாவது டவுனைத் திரும்ப ஆடுவார்கள், அதாவது தேர்ட் அண்ட் செவன்டீன். மறுத்தால் நான்காவது டவுன், அநேகமாகப் பந்தை உதைத்துக் கொடுத்துவிட வேண்டியதுதான். எதிரணி பெரும்பாலும் மறுக்கும், அதுதான் புத்திசாலித்தனமும்கூட.

படி 5: பாதுகாப்பு விதிகள்

பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இது.

தலையைத் தாழ்த்தி ஹெல்மெட்டாலேயே முதலில் மோதுவது 1976இல் தடை செய்யப்பட்டது. கழுத்து முறிந்து கை கால் செயலிழந்த ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை அதன் பிறகு வெகுவாகக் குறைந்தது. பின்னால் இருந்து காலரைப் பிடித்துக் கீழே சாய்ப்பது, எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்து இடிப்பது, தற்காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருப்பவரைத் தாக்குவது எல்லாமே 15 யார்டுக் குற்றங்கள். பந்தை வீசி முடித்த குவாட்டர்பேக்கை (அணியின் முக்கிய வீசுபவரை) இடித்தால் அவருடைய அணிக்கு 15 யார்டோடு முதல் டவுனும் சேர்த்துக் கிடைக்கும். ஒரே ஆட்டக்காரர் நடத்தைக் குற்றம் (திட்டுவது, சீண்டுவது போன்றவை) இரண்டு முறை செய்தால் ஆட்டத்திலிருந்தே வெளியேற்றம்.

ஆட்டத்தின் நடுவே ஹெல்மெட் கழன்றால் அவர் ஒரு டவுன் வெளியே நிற்க வேண்டும் (எதிராளியின் தவறால் கழன்றது என்றால் விலக்கு உண்டு). பந்து வைத்திருப்பவரின் ஹெல்மெட் கழன்றால் ஆட்டம் அங்கேயே நிற்கும்.

மூளை அதிர்ச்சிக்கான அறிகுறி, அதாவது தலைவலி, தலைச்சுற்றல், குழப்பம், தள்ளாட்டம் தெரிந்தால் உடனே வெளியே அனுப்ப வேண்டும் என்பது 2010 முதல் தேசிய விதி. தகுந்த மருத்துவத் துறையினர் சரி என்று சொல்லும்வரை திரும்ப முடியாது. இதற்கான முதல் மாநிலச் சட்டம் 2009இல் வாஷிங்டனில் வந்தது. 2014க்குள் ஐம்பது மாநிலங்களும் சட்டம் போட்டுவிட்டன. ‘எனக்கு ஒன்றுமில்லை, ஆடுகிறேன்’ என்று பையன் அடம்பிடிப்பான். அவன் பேச்சைக் கேட்காதீர்கள்.

பயிற்சியையும் விடாதீர்கள். முழு வேகத்தில் மோதும் பயிற்சி வாரத்துக்கு 60 முதல் 90 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2014இல் பள்ளி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் தேசியக் கூட்டமைப்பின் பணிக்குழு பரிந்துரைத்தது. உங்கள் பள்ளியில் எவ்வளவு நேரம் என்று கோச்சிடம் கேளுங்கள். தயங்க வேண்டாம், கேட்க வேண்டிய கேள்விதான்.

படி 6: டிவியை நம்பி வாதாடாதீர்கள்

டிவியில் வரும் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் விதி வேறு. அங்கே பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் நடந்த இடத்துக்கே பந்து போகும், இங்கே 15 யார்டோடு சரி. அங்கே தடுப்பாட்டக்காரர் பந்து இருக்கும் கோட்டைத் தாண்டிவிட்டாலும், யாரையும் தொடாமல் பந்து நகர்வதற்குள் திரும்பி வரலாம். இங்கே தாண்டிய நொடியே விசில். டெக்சஸில் அரசுப் பள்ளிகள் கல்லூரி விதிகளைத் தழுவி ஆடுகின்றன, அதனால் அங்கே இருப்பவர்கள் மேலே சொன்ன யார்டுக் கணக்கைத் தங்கள் மாநில விதியோடு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.