மார்கழிக் கச்சேரிகளைக் கேட்கத் தொடங்குவது எப்படி?

சென்னைக்குக் குடிவந்த முதல் மார்கழியில் 11 நாட்களுக்குள் 23 கச்சேரிகளுக்குச் சென்றேன். ஒன்றைக்கூடத் தொடக்கத்திலிருந்து, நிறைவாகப் பாடும் மங்களம் வரை நான் கேட்கவில்லை. மயிலாப்பூரில் பாதி கேட்டுவிட்டு ஆட்டோ பிடித்துத் தியாகராய நகருக்கு ஓடினால், அங்கே பிரதானப் பாடல் முடிந்து அரங்கம் பாதி காலியாகியிருக்கும். அந்த ஆண்டு என் மனத்தில் தங்கியவை போக்குவரத்து நெரிசலும் களைப்பும் மட்டுமே. அடுத்த ஆண்டு நாளுக்கு ஒரே கச்சேரி என்று முடிவு செய்துகொண்டு, அதை முழுதாகக் கேட்டேன். அதன் பிறகுதான் இந்தப் பருவம் எனக்குரியதாயிற்று. கர்நாடக இசையை முறையாகப் பயிலாத ஒருவர் டிசம்பரில் சென்னைக்கு வந்து சங்கீதத்தையும் சாப்பாட்டையும் மார்கழி விடியலையும் நிறைவாக அனுபவிப்பதற்கு, நான் பின்பற்றிவரும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: அட்டவணை

கச்சேரிகளை நடத்தும் அமைப்புகளான சபாக்கள் பலவும் நவம்பர் இறுதியிலேயே நிகழ்ச்சிகளைத் தொடங்கிவிட்டாலும், பருவத்தின் உச்சம் டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி முதல் நாள் வரைதான். 1927ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதனுடன் ஓர் இசை மாநாடும் நடைபெற்றது. அதன் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. டிசம்பரும் சங்கீதமும் இந்த நகரத்தில் இணைந்தது அப்படித்தான்.

நிகழ்ச்சி விவரங்களைக் கைப்பேசியில் தேடிக்கொண்டிருப்பதை விட, சபா வாசலில் கிடைக்கும் அச்சிட்ட நிகழ்ச்சி நிரலை வாங்கி, போக விரும்பும் கச்சேரிகளைப் பென்சிலால் வட்டமிடுவதையே நான் பரிந்துரைப்பேன். எல்லா நாட்களும் ஒரே தாளில் கண்முன் இருந்தால்தான் எதை விடலாம் என்று தீர்மானிக்க முடியும். வட்டமிடும்போது ஒரே வட்டாரத்திலேயே நில்லுங்கள். டிடிகே சாலையில் மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் இருக்கின்றன. அங்கிருந்து மயிலாப்பூர் சபாக்களும் தொலைவில் இல்லை. தியாகராய நகரில் கிருஷ்ண கான சபாவும் வாணி மகாலும் உள்ளன. ஒரு நாளை ஒரு வட்டாரத்துக்கு ஒதுக்கினால் மாலை முழுவதும் உங்கள் கையில் இருக்கும்.

இரண்டாம் படி: மதியக் கச்சேரியில் தொடங்குங்கள்

மாலையில் பாடும் முன்னணிக் கலைஞர்களின் கச்சேரிகளுக்கு டிக்கெட் வாங்க வேண்டும். புகழ்பெற்றவர்களுக்கு முன்கூட்டியே வாங்க வேண்டும். பெரும்பாலான சபாக்களில் மதிய நேரக் கச்சேரிகளுக்குக் கட்டணமே இல்லை. அங்கே பாடுபவர்கள் இளைய கலைஞர்கள்; வருடம் முழுவதும் சாதகம் செய்த அத்தனையையும் ஒன்றரை மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்ற துடிப்போடு வருகிறார்கள். அரங்கில் 40 பேர் இருந்தாலும் அவர்கள் பாட்டில் குறை வைப்பதில்லை. புதிதாகக் கேட்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. நீளம் குறைவாக இருப்பதால் அலுப்புத் தட்டாது, முன் வரிசையில் இடம் கிடைக்கும், பாடுபவரின் கையும் முகமும் அருகில் தெரியும். அந்தக் கை ஏன் தெரிய வேண்டும் என்பதை நான்காம் படியில் சொல்கிறேன்.

பாடல் வரிகள் புரியாததே தடையாக இருக்கிறது என்பவர்கள், 1943இல் தொடங்கப்பட்ட தமிழ் இசைச் சங்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் நடத்தும் விழாவுக்குச் செல்லலாம். முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் கோபாலகிருஷ்ண பாரதியும் இயற்றிய பாடல்களைக் கேட்கும்போது சொல்லே உங்களை இசைக்குள் அழைத்துச் செல்லும்.

மூன்றாம் படி: எதையெல்லாம் எடுத்துச் செல்வது?

ஒரு சிறிய நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில், ஒரு சால்வை. குளிரூட்டப்பட்ட அரங்கில் இரண்டரை மணி நேரம் அமர்ந்திருக்கச் சால்வை அவசியம். ராகம் எது, பாடல் எது என்று கச்சேரி நடக்கும்போதே கைப்பேசியில் தேடாதீர்கள். அந்த வெளிச்சம் பின்வரிசையில் இருப்பவரின் கவனத்தைக் கெடுக்கும், உங்கள் காதையும் மூடிவிடும். பாடலின் முதல் பகுதியான பல்லவியின் முதல் சொல்லைக் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டால் போதும், வீட்டில் தேடிக்கொள்ளலாம்.

ராகங்களைப் பொறுத்தவரை, பருவத்துக்கு முன்பு மோகனம், கல்யாணி, தோடி ஆகிய மூன்றை மட்டும் பழகிக்கொள்ளுங்கள். ஐந்தே ஸ்வரங்கள் கொண்ட மோகனம் விரைவில் பிடிபடும். தோடிக்குப் பொறுமை வேண்டும்.

நான்காம் படி: தாளம்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். முதலில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல், அதன் பிறகு ஒரு தட்டும் வீச்சும் (கையைத் திருப்பிப் போடுவது), மீண்டும் ஒரு தட்டும் வீச்சும். வீட்டில் சரியாக வந்தது. அரங்கில் பாடகர் பல்லவியைத் தொடங்கியதும் நானும் தட்டத் தொடங்குவேன். இரண்டாவது சுற்றுக்குள் என் கையும் பக்கத்தில் இருப்பவரின் கையும் வெவ்வேறு இடத்தில் இருக்கும். எனக்குத் தாள ஞானமே கிடையாது என்று முடிவுகட்டி, பல நாட்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன்.

ஒரு மதியக் கச்சேரியில் பக்கத்து இருக்கையில் இருந்த மாமி இதைக் கவனித்துவிட்டு, பாட்டு முடிந்ததும் என்னிடம் மெல்லச் சொன்னார்: "ஏம்மா, பாட்டு ஆரம்பிக்கற இடத்துல தாளத்தை ஆரம்பிக்காதே. அவா தொடையில தட்டறதைப் பாரு. தட்டினப்புறம் எங்கே பாட்டை எடுக்கறான்னு கேளு."

அவர் சொன்னதற்கு எடுப்பு என்று பெயர். எல்லாப் பாடல்களும் தாளத்தின் முதல் தட்டிலேயே தொடங்குவதில்லை. அப்படித் தொடங்கினால் அது சம எடுப்பு. தட்டுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே தொடங்கினால் அரை இடம். சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே தொடங்கினால் ஒன்றரை இடம். நான் இவை எல்லாவற்றையும் சமம் என்று எண்ணித் தட்டியதால்தான் தடம் புரண்டிருக்கிறேன்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். பாடல் தொடங்கியதும் முதல் இரண்டு சுற்றுகளுக்குத் தட்டாமல் பாடகரின் கையை மட்டும் பாருங்கள். விரல்கள் எண்ணி முடிந்து இரண்டு தட்டு-வீச்சுகளும் போன பிறகு வரும் தட்டில் அவரோடு சேர்ந்துகொள்ளுங்கள். கை நிலைத்த பிறகு, பல்லவியின் முதல் சொல் எந்த விரலுக்கு அருகில் விழுகிறது என்று கவனியுங்கள். அதைக் கண்டுபிடித்த அந்த நொடியில், அதுவரை தனித்தனியாக ஒலித்த குரலும் வயலினும் மிருதங்கமும் ஒரே கட்டடமாக எழுந்து நிற்பதை உணர்வீர்கள்.

(பின்னர் சேர்த்தது: பெரிய பாடல்களில் மட்டும் எண்ணிக்கை தவறுவதாக வாசகர்கள் இருவர் எழுதியிருந்தார்கள். விளம்ப காலப் (மெதுவாகச் செல்லும்) பாடல்களில் ஒவ்வொரு தட்டையும் விரலையும் இரண்டு முறை போடுவார்கள். இரண்டு களை என்பார்கள். எட்டு எண்ணிக்கை 16 ஆகிவிடும். பாடகரின் சுண்டுவிரல் இரண்டு முறை விழுகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். மூன்று எண்ணிக்கையாகத் தோன்றினால் அது ரூபக தாளம், ஏழாகத் தோன்றினால் மிச்ர சாப்பு தாளம்.)

ஐந்தாம் படி: தனி ஆவர்த்தனத்தில் எழுந்திருக்காதீர்கள்

பிரதானப் பாடலின் நிரவலும் (ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுவது) கல்பனா ஸ்வரமும் (கற்பனையாக ஸ்வரங்களைப் பாடுவது) முடிந்து மிருதங்கக் கலைஞர் தனியாக வாசிக்கத் தொடங்கியதும், அரங்கில் பலர் காப்பி குடிக்க எழுந்துவிடுகிறார்கள். அன்றைய கச்சேரி முழுவதையும் தாங்கிப் பிடித்தவருக்குக் கிடைக்கும் அந்தச் சில நிமிடங்களில் முதுகைக் காட்டிச் செல்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. நான்காம் படியைப் பழகியவர்கள் விட்டுவிடவே கூடாத இடமும் இதுதான். மிருதங்கமும் கடமும் அல்லது கஞ்சிராவும் மாறி மாறி வாசித்து, கடைசியில் முடிவை உணர்த்தும் மோரா வைத்து, கணக்கிட்டு அமைத்த தாளக்கட்டான கோர்வையை மூன்று முறை அடுக்கி முடிக்கும்போது, அது பாடலின் எடுப்பில் வந்து இறங்கும். பாடகர் விட்ட வரியை அங்கேயே எடுப்பார். தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதற்காகக் காத்திருந்து பாருங்கள்.

ஆறாம் படி: சாப்பாடு

பெரும்பாலான சபா காண்டீன்களில் டிக்கெட் இல்லாதவர்களும் சாப்பிடலாம். மதியம் இலைச் சாப்பாடு, மாலையில் டிபன். மாலைக் கச்சேரிக்கு முந்தைய அரை மணி நேரத்தில் கூட்டம் நெரியும். ஐந்து மணிக்கே போய்விடுங்கள். எனக்குப் பிடித்தவை கீரை வடையும் அடை அவியலும். வடையின் ஓரம் கரகரப்பாக, நடுவில் கீரையின் ஈரம் குறையாமல், கையைச் சுடும் சூட்டில் வர வேண்டும். தட்டில் ஆறிக் கிடப்பதை வாங்காமல் அடுத்த ஈடுக்குக் காத்திருங்கள். காசி அல்வா இருந்தால் இருவர் பகிர்ந்துகொள்ளுங்கள். நிறைய நெய்யுடன் முழுக் கிண்ணத்தை உண்டுவிட்டு விளம்ப காலப் பாடலைக் கேட்டால் கண் சொக்கும்.

ஏழாம் படி: ஒரு விடியற்காலையாவது

சபாக்களோடு நின்றுவிட்டால் மார்கழியில் பாதியை இழந்துவிடுவீர்கள். ஒரு நாளாவது ஐந்தரை மணிக்குள் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் மாட வீதிகளுக்கு வந்துவிடுங்கள். பாபநாசம் சிவன் தம் காலத்தில் முன்நின்று நடத்திய மார்கழி பஜனை இந்த வீதிகளில்தான் வலம் வந்தது. ஜால்ராவின் ஒலி திருப்பத்தில் முதலில் கேட்கும், பிறகுதான் பாடுபவர்கள் கண்ணில் படுவார்கள். வாசல்களில் ஈரம் காயாத கோலத்தின் நடுவே சாண உருண்டையில் பறங்கிப்பூ செருகியிருப்பதை இன்றும் சில வீடுகளில் பார்க்கலாம். நடந்து போகிறவர்கள் கோலத்தை மிதிக்காமல் சுற்றிச் செல்ல வேண்டும். கோயில்களில் திருவெம்பாவையும் திருப்பாவையும் ஒலிக்கும். திருவாதிரையன்று களி கிடைக்கும். மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லிக்குப் பெருமாள் கோயிலில் அக்காரவடிசல் உண்டு. விடியலுக்கு வந்த நாளில் மதியக் கச்சேரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

(மேலும் சேர்த்தது: குழந்தைகளுடன் வரலாமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். மதியக் கச்சேரிக்குத் தாராளமாக அழைத்து வாருங்கள். நடைபாதையை ஒட்டிய இருக்கையில் அமர்ந்துகொள்ளுங்கள். வெளியே போக வேண்டியிருந்தால் பாடலின் நடுவே எழாமல், ஒரு பாடல் முடிந்து கைதட்டல் எழும்போது செல்லுங்கள். என் அக்கா மகளுக்கு ஆறு வயதில் முதல் வரிசையில் அமர்ந்து சுண்டுவிரல், மோதிர விரல் எண்ணக் கற்றுக்கொடுத்தேன். கச்சேரி முடியும்வரை அவள் மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.)