புதுநன்மை வகுப்பில் பாவத்தைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கத்துப் பங்குகளில் புதுநன்மைக்கு, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்க, பிள்ளைகளைத் தயாரிக்கப் புதிதாக வரும் மறைக்கல்வி ஆசிரியர்கள் சறுக்கும் இடங்கள் வருஷா வருஷம் மாறுவதே இல்லை. செபத்தில் ஒரு வரி தப்புவது, பிள்ளைகள் பெயரை மறப்பது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். கீழே இருப்பவை தானாகச் சரியாகாது.

எல்லாவற்றையும் சாவான பாவம் ஆக்குவது

"பூசைக்கு வராவிட்டால் சாவான பாவம், நேரே நரகம்" என்று எட்டு வயதுப் பிள்ளையிடம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். திருச்சபை அப்படிச் சொல்லவில்லை. சாவான பாவம் என்பது கடவுளின் உறவையே முறித்துவிடும் பாவம். அதற்கு மூன்று சேர வேண்டும்: காரியம் கனமானதாக இருக்க வேண்டும், அது கனமானது என்று முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் மனசாரச் செய்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் சாவான பாவம் இல்லை. கத்தோலிக்க மறைக்கல்வி நூலில் 1857-ஆம் எண்ணிலிருந்து படித்துவிட்டு வகுப்புக்குப் போங்கள்.

ஞாயிறு பூசை கடன்தான். வேண்டுமென்றே விட்டால் கனமான பாவம்தான். ஆனால் நோயாளிக்கும் கைக்குழந்தை பார்ப்பவருக்கும் அந்தக் கடன் இல்லை என்று அதே நூல் 2181-இல் சொல்கிறது. பெரியாஸ்பத்திரியில் அம்மாச்சிக்குத் துணையிருந்த பிள்ளை பாவமே செய்யவில்லை. அப்பா கூட்டிவராததும் பிள்ளையின் கணக்கில் வராது.

இதைப் பிரித்துச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? பிள்ளை வளர்ந்து ஷிஃப்ட் வேலைக்குப் போகும். ஒரு ஞாயிறு தவறும். சாவான பாவம் என்று நினைத்து நன்மை வாங்க எழாது. கூச்சத்தில், குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கும் போகாது. அப்புறம் கல்யாண ஓலை எழுதத்தான் பங்குச் சாமியாரைத் தேடி வரும்.

கேடு அதோடு நிற்பதில்லை. எல்லாம் ஒரே எடை என்றால் உண்மையிலேயே கனமானது கண்ணில் படாது. உழைத்தவர் கூலியைப் பிடித்துவைப்பது விண்ணை நோக்கி முறையிடும் பாவம். யாக்கோபு 5:4 பாருங்கள். அதற்கு வகுப்பில் ஒரு வரி இல்லை. பொட்டுக்கும் பூவுக்கும் அரை மணி நேரம்!

வழக்கத்தைப் பாவம் என்பது

1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி மேல் இதே வழக்குத்தான். கிறிஸ்தவர் ஆனவர்கள் குடுமி, பூணூல், சந்தனம் வைத்துக்கொள்வது பாவமா என்று ரோம் வரை போனது. மூடநம்பிக்கை கலக்காதவரை வைத்துக்கொள்ளலாம் என்று 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அனுமதித்தார். 1744-இல் கெடுபிடி திரும்பியது. அந்தக் கெடுபிடிக்குக் கட்டுப்படுவதாக மிஷனரிகள் எடுக்க வேண்டியிருந்த உறுதிமொழி 1940-இல்தான் நீங்கியது. இத்தனைக்கும் பிறகு வாசலில் கோலம் போட்டதற்குப் பிள்ளையை எழுப்பி நிறுத்துவது வேண்டாத வேலை.

பக்கத்து வீட்டுப் பொங்கல்

மாரியம்மன் திருவிழா வந்தால் பிள்ளைகள் கேட்பார்கள்: "சாப்பிட்டா பாவமா டீச்சர்?" ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லாதீர்கள். 1 கொரிந்தியர் 8, 10 இரண்டு அதிகாரமும் இதற்கே. சந்தையில் விற்பதைக் கேள்வி கேட்காமல் சாப்பிடலாம் என்கிறார் பவுல். படைத்தது என்று ஒருவர் சொன்னால், சொன்னவரின் மனச்சான்றை முன்னிட்டுத் தவிர்க்கச் சொல்கிறார். படையல் பந்தியிலேயே பங்குகொள்வதை மறுக்கிறார். இந்த மூன்றையும் பிரித்துக் காட்டினால் பிள்ளைக்குப் புரியும். பானையைத் தட்டிவிடச் சொல்ல வேண்டியதில்லை.

கட்டளை எண்

பத்துக் கட்டளைகளில் விபசாரம் கத்தோலிக்கரான நமக்கு ஆறாம் கட்டளை, சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபைப் பிள்ளைக்கு ஏழாவது. அவர்கள் சுரூபம் (சிலை) பற்றியதைத் தனிக் கட்டளையாக எண்ணுகிறார்கள். நாம் கடைசியில் ஆசையை இரண்டாகப் பிரிக்கிறோம். திருத்தப் போகாதீர்கள்.

பாவப் பட்டியல் அச்சடித்துக் கொடுப்பது

பிள்ளை செய்யாததையும் டிக் அடித்துப் பாவசங்கீர்த்தனத்தில் வாசிக்கும். ஐந்து காரியங்களைப் பழக்குங்கள்: பாவங்களை நினைத்தல், மனஸ்தாபப்படுதல், இனிச் செய்வதில்லை என்று தீர்மானித்தல், குருவிடம் சொல்லுதல், அவர் கொடுக்கும் அபராதத்தைத் தீர்த்தல். நாலாவதுக்கே முழு நேரமும் போய்விடுவதால் மூன்றாவது விட்டுப்போகிறது. எடுத்த பேனாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மன்னிப்புக் கிடைத்ததால் பேனா சொந்தமாகிவிடாது.

"சாமியார்கிட்ட என்ன சொன்னே?"

பாவசங்கீர்த்தனம் முடித்து வரும் பிள்ளையிடம் இப்படிக் கேட்கவே கூடாது.

நன்மைக்கு முன் நோன்பு

ஒரு மணி நேரம்தான், அதுவும் பூசை தொடங்குவதற்கு அல்ல, நன்மை வாங்குவதற்கு முன். தண்ணீரும் மருந்தும் நோன்பை முறிக்காது. புதுநன்மை அன்று வெயிலில் வரிசையில் நிற்கும் பிள்ளைக்குத் தாராளமாகத் தண்ணீர் கொடுங்கள்.