கொய்யாவைக் கடித்தது யார்? கடித்தடம் பார்க்கப் பழகுவோம்

ஆயக்குடிக் கொய்யா கோயம்புத்தூருக்கு வந்து இறங்கும் நாளில் செங்காயாக இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். நன்றாகப் பழுத்தது குழையும். பச்சைக் காயில் பல் இறங்காது.

வீட்டில் இரண்டு பேரை ஆளுக்கொன்று கடிக்கச் சொல்லிவிட்டு வெளியே போய்விடுங்கள். பிய்க்காமல், அழுத்திக் கடித்து வாயை எடுத்தால் போதும். "தின்னக் கூடாதுங்களா மாமா?" என்று கேட்டாள் அக்கா மகள். "உனக்கு வேற தர்றேன் கண்ணு."

இப்போது ஸ்கேலை எடுக்காதீர்கள். முதலில் எச்சில். நிஜ வழக்கில் காயத்தைக் கழுவும் முன்பே, நீரில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒருமுறை, உலர்ந்த குச்சியால் ஒருமுறை ஒற்றி எடுப்பார்கள். காற்றில் உலர்த்திக் காகித உறையில் போடுவார்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் நின்று டிஎன்ஏ கெட்டுவிடும்.

அப்புறம் படம். இரண்டு ஸ்கேலை 'ட' போல மூலை சேர்த்து, தடம் இருக்கும் அதே உயரத்தில் பிடித்து, நேர் மேலிருந்து எடுங்கள். கேமரா சாய்ந்தால் அளவு பொய்யாகிவிடும். தள்ளிப்போடவும் வேண்டாம், சாயங்காலத்துக்குள் சதை கறுத்து ஓரம் சுருங்கிவிடும்.

சரி, இனி தடத்தைப் பாருங்கள். எதிரெதிரே இரண்டு வளைவுகள். பெரியது பெரும்பாலும் மேல்வரிசை. வெட்டுப்பற்கள் சின்னக் கோடுகளாக விழும். வளைவு திரும்பும் இடத்தில் கோரைப்பல் ஒரு புள்ளியாகவோ முக்கோணமாகவோ இறங்கியிருக்கும். பெரியவர்களுக்குக் கோரைப்பல் நுனிகளுக்கிடையே சுமார் 25 முதல் 40 மி.மீ. இருக்கும். அக்கா மகளுக்கு மேல் முன்பற்களுக்கு நடுவே சந்து உண்டு. அந்த இடத்தில் மட்டும் கொய்யாச் சதை வெட்டுப்படாமல் மெல்லிய வரப்பாக நின்றது.

கடித்த இருவரையும் தெர்மாகோல் தட்டில் கடிக்க வையுங்கள். அதை ஓஎச்பி ஷீட்டில் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில்) வரைந்து, அசல் அளவில் அச்சிட்ட படத்தின் மேல் வைத்துப் பாருங்கள்.

கொய்யாவில் ஆளைப் பிடித்துவிடலாம். தோலில் அப்படிச் சொல்லக் கூடாது. அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு பெண் கொலையான வழக்கில் ரே குரோன் என்பவரையும் தெர்மாகோலில் கடிக்க வைத்துத்தான் ஒப்பிட்டார்கள். 'பொருந்துகிறது' என்று நிபுணர் சாட்சி சொல்ல, 1992-இல் மரண தண்டனை கிடைத்தது. இறந்த பெண்ணின் உடையில் இருந்த எச்சிலின் டிஎன்ஏ வேறொருவரைக் காட்டிய பிறகே, 2002-இல் வெளியே வந்தார். மனிதக் கடித்தடத்தை வைத்து ஆளை அடையாளம் காட்ட அறிவியல் ஆதாரம் போதாது என்று அந்நாட்டுத் தர நிர்ணய நிறுவனமே 2023-இல் அறிக்கை தந்துவிட்டது. ஆகவே அறிக்கையில் 'இவர்தான்' என்று எழுதவே எழுதாதீர்கள். தெளிவான தடமாக இருந்தால், 'இவரை ஒதுக்க முடிகிறது' அல்லது 'ஒதுக்க முடியவில்லை' என்பதோடு நிறுத்துங்கள்.

தோலில் ஏன் அப்படிச் சொல்லக் கூடாது என்று கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் முன்கையை நீங்களே காயம் படாமல் லேசாகக் கடியுங்கள். தடம் மறைவதற்குள் கையை நீட்டி ஒருமுறை, முறுக்கி ஒருமுறை அளந்து, இரண்டு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.