கிளாரி சேஜ் எண்ணெய்: தன்மையும் பயன்படுத்தும் முறையும்

துளசியும் புதினாவும் சேர்ந்த தாவரக் குடும்பத்தில் பிறந்த கிளாரி சேஜ், மத்தியதரைக் கடலின் வடகரை நாடுகளைத் தாயகமாகக் கொண்ட ஈராண்டுச் செடியாகும். முதலாண்டில் தரையோடு இலைகளை விரித்துக் கிடக்கும் இச்செடி, இரண்டாமாண்டில்தான் தண்டு உயர்த்தி, ஊதாவும் வெள்ளையும் கலந்த பூங்கொத்துகளை ஏந்துகிறது. மணத்தின் பெரும்பகுதி இதழ்களில் இல்லை. பூவைத் தாங்கும் புல்லிவட்டத்தின் நுண்ணிய சுரப்பி மயிர்களில்தான் இருக்கிறது. அதை நசுக்கினால் விரல்கள் பிசுபிசுக்கும். பூத்த நுனிகளை அறுத்து, நீராவியில் வடித்து எண்ணெய் எடுக்கிறார்கள். பிரான்சின் தென்கிழக்குப் பகுதியும் பல்கேரியாவும் இதற்குப் பெயர்பெற்றவை.

வடித்த எண்ணெயில் பாதிக்கும் மேலாக இருப்பது பெரும்பாலும் லினலைல் அசிடேட், அடுத்தது லினலூல். லாவெண்டர் எண்ணெயிலும் இவ்விரண்டே முதன்மையானவை என்பதால், இரண்டும் மனத்தைத் தளர்த்தும் எண்ணெய்களாகச் சேர்த்துப் பேசப்படுவதில் வியப்பில்லை. சமையலில் பயன்படும் சாதாரண சேஜின் எண்ணெயில் தூஜோன் என்னும் நரம்பு நச்சு கணிசமாக உண்டு. கிளாரி சேஜில் அது ஏறக்குறைய இல்லை. ஆகவே கடையில் ‘சேஜ்’ என்று மட்டும் எழுதிய புட்டியை இதற்கு மாற்றாக வாங்கக் கூடாது. தாவரப் பெயர் சால்வியா ஸ்கிளாரியா என்று இருக்கிறதா என்பதைப் பார்த்தே வாங்க வேண்டும்.

இந்த எண்ணெய் பெண்களின் ஹார்மோன்களைச் சீராக்கும் என்று விற்பனையாளர்கள் உறுதியாகச் சொல்வதுண்டு. அக்கூற்றுக்குப் பெரும்பாலும் காரணம் காட்டப்படும் ‘ஸ்கிளாரியால்’ என்னும் வேதிப்பொருள் கனமான மூலக்கூறு. நீராவியோடு எளிதில் ஏறி வருவதில்லை. வடித்த எண்ணெயில் அது சிறிதளவே இருக்கும். அதைப் பெருமளவில் பெறுவதற்கு வாசனைத் தொழிலார் கரைப்பான்களைப் பயன்படுத்தி, திமிங்கலத்திலிருந்து கிடைக்கும் அம்பர் என்னும் வாசனைப் பொருளுக்கு மாற்றான நறுமணப் பொருளை அதிலிருந்து ஆக்குகிறார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் இச்செடி வளர்க்கப்படுவது முதன்மையாக இதற்காகவே. எனவே, ஹார்மோன் மருந்தாக நம்பி இதை வாங்குவது வீண்செலவு என்பது என் கருத்து. மாதவிடாய் வலிக்கு வயிற்றில் தடவிப் பார்த்த ஆய்வுகளில் வலி குறைந்ததாகத் தெரிகிறது. ஆனால் அவற்றில் லாவெண்டர் முதலியன கலந்த எண்ணெயே பயன்பட்டதாலும், இதமாகத் தேய்த்துவிடுவதே வலியைத் தணிக்கக்கூடியது என்பதாலும், முழுப் பெருமையையும் கிளாரி சேஜுக்குத் தர இயலாது.

தோலில் தடவ விரும்புவோர் எண்ணெயை ஒருபோதும் நேரடியாகப் பூசக் கூடாது. 30 மில்லி பாதாம் எண்ணெயில் அல்லது தேங்காய் எண்ணெயில் 6 சொட்டு கலந்தால் ஏறத்தாழ 1 விழுக்காட்டுக் கலவை கிடைக்கும். முகத்துக்கும் மென்மையான தோலுக்கும் இதுவே உச்ச அளவு. அடிவயிறு, தோள், பாதம் போன்ற இடங்களுக்கு 12 சொட்டு வரை போகலாம். செக்கு நல்லெண்ணெய் நல்லதுதான், ஆனால் அதன் மணம் இதை அமுக்கிவிடும். கலவையில் ஒரு துளியை முழங்கையின் உட்புறத்தில் தடவி, 24 மணி நேரம் அரிப்போ சிவப்போ இல்லையென்று உறுதிசெய்த பின்னரே தொடர வேண்டும். குளிக்கும் நீரில் சொட்டுகளை அப்படியே விட்டால், அவை கரையாமல் மிதந்து தோலில் ஒட்டி எரிச்சல் தரும்.

மணத்துக்காக மட்டும் என்றால் வேலை எளிது. ஆவியூட்டியில் 100 மில்லி நீருக்கு 3 சொட்டு விட்டு, சாளரத்தைச் சற்றே திறந்துவைத்து, அரை மணி நேரத்தில் நிறுத்திவிடலாம். முதலில் பழச்சாயல் கொண்ட இனிமையும், பின்னர் காய்ந்த வைக்கோலும் தேயிலையும் கலந்தாற்போன்ற கனத்த வாசனையும் எழும். சிலருக்கு இது தூக்கம் வரவழைக்கும்; வண்டி ஓட்டுமுன் தவிர்ப்பது நல்லது.

கருவுற்றிருப்போர் மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடக் கூடாது. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு மருத்துவமனை ஒன்றில் பிரசவ வலியின்போது மருத்துவச்சிகள் இதைப் பயன்படுத்தியதுண்டு. அது கண்காணிப்பின்கீழ் நடந்தது என்பதை மறந்து வீட்டில் முயல்வது தவறு. ஹார்மோன் சார்ந்த புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரும் மருத்துவரைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும். உள்ளுக்குக் குடிப்பது யாருக்கும் ஏற்றதன்று. பூனை வளர்ப்போர் அது இருக்கும் அறையில் ஆவியூட்டியை வைக்க வேண்டாம்.

வாங்கிய எண்ணெயில் கலப்படம் உண்டா என்று ஓரளவு வீட்டிலேயே பார்க்கலாம். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பார்க்கும்போது, பிசுக்கான கறை அகலாமல் நின்றால் சமையல் எண்ணெய் போன்ற ஏதோ கலந்திருக்கக்கூடும். செயற்கை லினலைல் அசிடேட் சேர்த்திருந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அதற்கு விற்பவரிடம் அந்தத் தொகுதிக்குரிய ஆய்வக அறிக்கையைக் கேட்பதே வழி. லினலூல் காற்றுப்பட்டால் ஆக்சிஜனேற்றம் அடைந்து தோல் ஒவ்வாமையைத் தூண்டும் பொருள்களாக மாறுகிறது. ஆதலால் பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டியை இறுக மூடி, நம் ஊர் வெயிலுக்கு எட்டாமல் குளிர்பெட்டியில் வைத்து, திறந்த நாளை அதன்மேல் எழுதி, மணம் புளிப்பாக மாறியதும் தோலுக்குப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவிட வேண்டும்.