"எந்தத் தோட்டம்?" என்று கேட்காமல் இன்டர்வியூ நடத்துவது எப்படி

இலங்கை மலையகத்தில் ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை பக்கம் கடையோ ஹொட்டலோ கிளினிக்கோ நடத்திக்கொண்டு, அவ்வப்போது இரண்டு மூன்று பேரை வேலைக்கு எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் இடங்களில் முதலாளி, அவருடைய தம்பி, பழைய கிளார்க் ஒருவர் என்று மூன்று பேர் உட்கார்ந்து, அந்த நேரத்தில் வாயில் வந்ததைக் கேட்பதுதான் இன்டர்வியூ. கெட்ட எண்ணம் யாருக்கும் இருப்பதில்லை, ஆனாலும் தகுதியான பிள்ளைகள் அந்த அறையிலேயே கழிந்துபோகிறார்கள்.

அது பெரும்பாலும் முதல் இரண்டு நிமிடத்தில் நடந்து முடிந்துவிடுகிறது. வந்த பிள்ளையின் பயம் தெளியட்டும் என்று பேச்சுக் கொடுக்கிறோம். "எங்கிருந்து வர்றீங்க?" "டிக்கோயா பக்கம் சேர்." "எந்தத் தோட்டம்? எந்த டிவிஷன்?" "அப்பா பேர் என்ன, என்ன செய்றார்?" இவ்வளவுதான் பேச்சு, சாதியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, ஆனால் லயத்து வீடா (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு), அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறாரா, அவர்கள் என்ன ஆட்கள் என்பது வரை அறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்பது அந்தப் பிள்ளைக்கும் தெரியும். அதுவரை நிமிர்ந்து பதில் சொன்னவள் அதற்குப் பிறகு மேசையைப் பார்த்துத்தான் பேசுவாள். விண்ணப்பத்தில் தோட்டத்து விலாசத்தை எழுதாமல் டவுனில் இருக்கும் மாமா வீட்டு விலாசத்தை எழுதுகிற பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்களே, இந்தக் கேள்விகளுக்குப் பயந்துதான்.

அதனால் எந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்பும், இதற்கு என்ன பதில் வந்தால் இந்த வேலை எப்படி மாறும் என்று யோசியுங்கள். மாறாது என்றால் கேட்க வேண்டாம். மாறும் என்றால், உங்களுக்குத் தெரிய வேண்டியதை நேராகவே கேளுங்கள். தோட்டம் தூரமாக இருந்தால் நேரத்துக்கு வர மாட்டாரோ என்பதுதான் உங்கள் கவலையா? "காலை ஏழரைக்குக் கடை திறக்கணும், மழைக்காலத்திலும் அந்த நேரத்துக்கு வந்துவிட முடியுமா?" என்று கேளுங்கள், டவுனுக்குள்ளேயே இருக்கிறவரிடமும் அதையே கேளுங்கள். பேச்சுக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் உங்கள் கடையைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள், ஒரு பிளேன்டீ கொடுங்கள், பயம் அதிலேயே தெளிந்துவிடும்.

மொழி விஷயத்தில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். வாடிக்கையாளர்களோடு சிங்களத்தில் பேச வேண்டிய வேலை என்றால் சிங்களம் தெரிய வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் "வீட்டில் என்ன பாஷை?" என்பதோ, படித்தது தமிழ் ஸ்கூலா என்பதோ அதற்கு விடை தராது. ஒருவர் வாடிக்கையாளர் மாதிரி நின்று பில்லில் பிழை என்று சிங்களத்தில் சத்தம் போடட்டும், வந்தவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று பாருங்கள். அப்புறம், பின்னால் ஸ்டோரில் சாமான் அடுக்குகிற வேலைக்கு இதெல்லாம் தேவையா என்றும் ஒருமுறை யோசியுங்கள்.

மதத்தைக் கேட்கிறவர்களின் உண்மையான கவலை லீவுதான். நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்கு நடுவில்தான் புத்தாண்டு வருகிறது, மஸ்கெலியா பக்கம் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை சிவனொளிபாத மலை யாத்திரை சீசன். அந்தக் காலத்தில் லீவு கிடைப்பது கஷ்டம் என்றால் வருகிற எல்லோருக்கும் அதைச் சொல்லி, சம்மதமா என்று கேளுங்கள். கோயிலா, சேர்ச்சா, பள்ளிவாசலா என்பது நமக்கு எதற்கு?

பெண் பிள்ளைகளிடம் கல்யாணம் எப்போது, குழந்தை இருக்கிறதா, மாமியார் பார்த்துக்கொள்வாரா என்று கேட்பது இன்னும் எல்லா இடத்திலும் நடக்கிறது. மகப்பேற்று லீவைக் கணக்குப் போட்டுத்தான் கேட்கிறார்கள். அந்த லீவு சட்டப்படி கொடுக்க வேண்டியது, 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது குழந்தையாக இருந்தாலும் 84 நாள். அதைத் தவிர்க்க வேண்டும் என்பதற்காக ஒரு பெண்ணை எடுக்காமல் விடுவது மிகப் பெரிய அநியாயம் என்பேன். இரவு எட்டு மணி வரை நிற்க வேண்டிய வேலையா, ஆண் பெண் இருவரிடமும் நிற்க முடியுமா என்று கேளுங்கள்.

"அப்பா எந்த யூனியன்?" என்பதையும் விட்டுவிடுங்கள், நம் பக்கம் அது அரசியலைக் கேட்பதுதான். பிரஜாவுரிமை பற்றிக் கேட்கவே கூடாது. 1948 சட்டத்தால் பறிபோன உரிமைக்காக 2003 சட்டம் வரும் வரை அலைந்த இந்திய வம்சாவளித் தோட்டக் குடும்பங்கள் இவை, இந்தக் கேள்வி அவர்களுக்கு எப்படி வலிக்கும் என்று நமக்கே தெரியும். பிறப்புச் சான்றிதழையும் ஆளைத் தெரிவு செய்த பிறகே கேளுங்கள். தகப்பனின் இனம் என்ற இடத்தில் "இந்தியத் தமிழ்" என்று எழுதியிருக்கும், அதை முன்கூட்டியே பார்த்து ஆகப்போவது ஒன்றும் இல்லை.

உடல் குறைபாடு உள்ளவர் வந்தால் என்ன வருத்தம், எப்படி ஆச்சு என்று தோண்ட வேண்டாம். மூட்டை தூக்குகிற வேலை என்றால் எடையைச் சொல்லி, முடியுமா என்று எல்லோரிடமும் கேளுங்கள். ஆள் சேர்க்கும்போது குறைபாட்டைக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது.

இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் ஆகியவற்றை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை சொல்கிறது. அடிப்படை உரிமை மனு அரசாங்கத்தின் செயல்களுக்கு எதிராகத்தான் போகும், நம் கடைக்கு எதிராக வராது என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். அப்படி இருக்க வேண்டாம். வேலையில் பாகுபாடு கூடாது என்கிற, ஐ.எல்.ஓ. என்னும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 111ஆம் இலக்கச் சமவாயத்தில் 1998இலேயே இலங்கை சேர்ந்துவிட்டது, அதில் சமூகப் பின்னணியும் அடங்கும்.

இன்டர்வியூவுக்கு முதல் நாளே ஐந்தாறு கேள்விகளைத் தாளில் எழுதி, வருகிற எல்லோரிடமும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் அந்த இடத்திலேயே புள்ளி போடுங்கள். பக்கத்தில் இருப்பவர் பழக்கத்தில் "யார் வீட்டுப் பிள்ளை?" என்று ஆரம்பித்தால் "அது பரவாயில்லை, நீங்க கணக்கு வேலை செஞ்சதைச் சொல்லுங்க" என்று நீங்கள் உடனே திருப்பிவிடுங்கள். வந்தவர் தானாகவே குடும்பக் கதையைச் சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், தாளில் குறிக்க வேண்டாம்.

எல்லாம் முடிந்த பிறகு தோட்டத்தில் தெரிந்த கணக்கப்பிள்ளைக்குப் போன் போட்டு "ஆள் எப்படி, என்ன ஆளுங்க?" என்று விசாரிக்கிற பழக்கம் ஒன்று இருக்கிறது. அறைக்குள் கேட்காமல் விட்டதெல்லாம் அந்த ஒரு போனில் உள்ளே வந்துவிடும். முன்பு வேலை செய்த இடத்துக்கோ, படித்த ஸ்கூலின் ஆசிரியருக்கோ பேசுங்கள், அதுவும் அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு. நேரத்துக்கு வருவாரா, காசு விஷயத்தில் நம்பலாமா, இந்த இரண்டையும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடுங்கள்.