வேரில் நிக்கலா, இடுக்கியில் நிக்கலா?

சேலம் மேக்னசைட் சுரங்கப் பகுதியில் இருப்பது டூனைட் வகைப் பாறை. மக்னீசியம் ஏராளம், குரோமியமும் நிக்கலும் கூடவே வரும். அந்த மண்ணில் வேர்விட்ட செடி இவற்றைச் செல்லுக்குள் எங்கே ஒதுக்கி வைக்கிறது என்று எக்ஸ் கதிர் ஒளிர்வால் (எக்ஸ் கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் திருப்பி வீசும் கதிரால்) படமெடுத்துப் பார்க்க ஆசைப்படும் மாணவர்கள் உண்டு. நல்ல ஆசைதான். ஆனால் படத்தில் மின்னுவது பல நேரம் செடியின் வேலை அல்ல, நம் கைவேலை.

எவர்சில்வர் இடுக்கியால் வேரைப் பிடிக்காதீர்கள். உருக்காலை உள்ள ஊரில் இதைச் சொல்லவே வேண்டியதில்லை: அந்தக் கலவையில் குரோமியம் சுமார் 18, நிக்கல் சுமார் 8 விழுக்காடு. தேடுகிற பொருளையே பூசிவிட்டுத் தேடுவதில் என்ன பயன்? பிளாஸ்டிக் இடுக்கி போதும். ரப்பர் கையுறையிலிருந்து துத்தநாகமும் ஒட்டும்.

பெரிய சேதம் பதப்படுத்தும்போது நடக்கிறது. குளூட்டரால்டிஹைடு என்ற பதப்படுத்தும் வேதிப்பொருளில் ஊறவைத்தால் செல்லின் வடிவம் நிற்கும். ஆனால் சவ்வு ஒழுகிப் பொட்டாசியமும் குளோரினும் வெளியேறிவிடும். அதனால் நொடிக்குள் உறையவைக்க வேண்டும். அதற்காகத் திரவ நைட்ரஜனில் நேரே போட்டால், மாதிரியைச் சுற்றி வாயுப் படலம் எழுந்து குளிர்ச்சியைத் தடுக்கும். மெதுவாக வளரும் பனிப்படிகம் அயனிகளைத் தள்ளிவிடும். திரவ ஈத்தேன் நல்லது. அதிலும் மேற்பரப்பில் ஏறக்குறைய 10 மைக்ரோமீட்டர் ஆழம்வரைதான் சரியாக உறையும். அதைவிடத் தடித்த துண்டுக்கு உயர் அழுத்த உறைவிப்பு தேவை, அதுவும் சுமார் 200 மைக்ரோமீட்டர் தடிமன்வரைதான். உறைந்ததை உலர்த்தினாலோ வேறொரு வம்பு: நுண்குமிழியில் (செல்லுக்குள் உள்ள நீர்ப்பையில்) கரைந்திருந்த உப்பு செல்சுவரில் படிந்துவிடும். "சுவரில் நிக்கல்" என்று கட்டுரை எழுதத் தோன்றும். முடிந்தால் உறைந்த நிலையிலேயே படமெடுங்கள்.

கதிர் நிறமாலையில் ஒவ்வொரு தனிமத்துக்கும் உரிய உச்சங்களைக் கணக்கிட்டுப் பிரிக்காமல் வரைபடத்தை நம்பாதீர்கள். குரோமியத்தின் கே-பீட்டா என்ற உச்சம் 5.95, மாங்கனீசின் கே-ஆல்ஃபா என்ற உச்சம் 5.90 கிலோ எலக்ட்ரான்வோல்ட். உணரியால் இரண்டையும் தனித்தனியாகக் காண முடியாது. அந்த இடத்தில் இல்லாத மாங்கனீசு படத்தில் முளைக்கும். மாதிரியின் தடித்த இடம் எந்தத் தனிமத்தின் படத்திலும் பளிச்சென்றிருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மக்னீசியமா? அதன் கதிர் 1.25 கிலோ எலக்ட்ரான்வோல்ட் மட்டுமே, காற்றே விழுங்கிவிடும். இந்தூரில் உள்ள இண்டஸ்-2 போன்ற சிங்க்ரோட்ரானுக்கு (செறிவான எக்ஸ் கதிர் தரும் துகள் முடுக்கிக்கு) விண்ணப்பிக்கும் முன், வெற்றிடத்தில் இயங்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கியா, அயனிக் கற்றையால் மேற்பரப்பைச் சுரண்டித் தனிமங்களை எடைபோடும் நானோசிம்ஸா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.